‘குரத்தி’ என்னும் சொல்லும் கணினியும்

சமய ஆய்வில் மின்னணுக் கருவிகள்: சுருத பஞ்சமி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்று சுருத பஞ்சமி. ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள். ஜினாலயங்களில் அருகப் பெருமானின் திருமேனிக்குச் சிறப்பு வழிபாடு நிகழும் நாள்கள் ஆண்டில் பல உண்டு. ஏட்டுக்கு வழிபாடு நிகழும் நாள் இது. பேழைகள் திறக்கப்பெறுகின்றன, ஓலைக் கட்டுகள் வெளியே எடுக்கப்பெற்றுத் தூசு துடைக்கப்பெறுகின்றன, புதுத் துணியில் பொதிந்து மலரிட்டு வணங்கப்பெறுகின்றன. அறிவை வணங்குவதும் அறிவைப் பாதுகாப்பதும் ஒரே செயலாக அமைந்த திருநாள் இதுவாகும். ஆகவே, சமயங்களைக் கற்கும் துறையில் இன்று புகுந்துள்ள கணினிக் கருவிகளைப் பற்றி ஆராய்வதற்கு இதனினும் ஏற்ற நாள் வேறில்லை.

திகம்பர மரபு கூறும் வரலாற்றை இவ்வவை அறியும். சௌராட்டிர நாட்டுக் கிரிநகரின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், ஆகம அறிவின் ஒரு பகுதியைத் தம் நினைவில் தாங்கியிருந்தார். தமக்குப்பின் அவ்வறிவு அழிந்துபோகுமே என்னும் கவலை அவரை வருத்தியது. தென்னாட்டு முனிவர் சங்கத்துக்கு ஓலை விடுத்தார். அங்கிருந்து வந்த புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களுக்கும் தாம் அறிந்ததைக் கற்பித்தார். அவர்கள் அதனை நூல் வடிவாக்கினர், அதுவே ஷட்கண்டாகமம். அதற்குத் தவளை என்னும் பேருரை வகுத்த வீரசேனர், கல்வி முடிந்தபின் பூதபலி திராவிட நாட்டுக்குச் சென்றதாகக் குறிக்கின்றார். அந்நூல் நிறைவெய்திய நாளே சுருத பஞ்சமி எனப் போற்றப்படுகிறது.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. சுருதம் என்பதன் பொருள் கேட்கப்பட்டது என்பதாகும். ஆசிரியன் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்குச் செல்வதே அதன் இயல்பான வழி. அவ்வழியிலிருந்து விலகி ஓலைக்கும் எழுத்தாணிக்கும் அதனை ஒப்படைத்தது, அக்காலத்தில் ஒரு புதிய கருவியை ஏற்றுக்கொண்டதேயாகும். எழுத்து வந்ததால் குரலின் ஏற்ற இறக்கம் போயிற்று. ஆசிரியனின் விளக்கம் போயிற்று. ஆனால் நூல் நின்றது. எந்தப் புதிய கருவியும் ஒன்றைக் காக்கும். ஒன்றை இழக்கச் செய்யும். எதைக் காக்கிறது, எதை இழக்கச் செய்கிறது என்று முன்கூட்டியே அறிந்து கையாளுவதுதான் அறிவுடைமை. இன்றைய கருவிகளையும் அவ்வாறே எடைபோட்டுக் காண்பது இவ்வுரையின் நோக்கம்.

சமய நூலிலிருந்தே தொடங்கிய துறை

கணினியைக் கொண்டு இலக்கியம், வரலாறு, சமயம் முதலியவற்றை ஆராயும் துறை நேற்று முளைத்தது என்று பலரும் எண்ணுகின்றனர். அதன் வேர் ஒரு சமய நூலில் இருக்கிறது. இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய ரொபெர்த்தோ பூசா, கிறித்தவ இறையியலாளர் தாமசு அக்குவினாசின் நூல்களில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடைவு ஒன்று தொகுக்க விரும்பினார். அந்நூல்களில் ஏறத்தாழ ஒரு கோடி சொற்கள் உள்ளன. மனித ஆயுள் அதற்குப் போதாது. 1949ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத் தலைவரைச் சந்தித்து உதவி கோரினார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அப்பணி, 1970களில் 56 பெருந்தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது. பின்னர் குறுந்தகட்டிலும் இணையத்திலும் இடம்பெற்றது.

பூசா தேடியது பெரிய சொற்களை மட்டுமன்று. ‘இல்’ என்னும் பொருள்தரும் ஒரு சிறு இடைச்சொல்லை அவ்விறையியலாளர் எவ்வாறு ஆள்கிறார் என்று அறிய வேண்டியிருந்தது. அத்தகைய சிறு சொல்லை எந்தப் பொருளடைவும் காட்டாது. படிப்பவர் கண் கடந்து செல்லும் சொல்லையும் இயந்திரம் கடந்து செல்லாது. அதுவே இக்கருவியின் முதற்பயன்.

சமண ஆகமங்களுக்கும் அத்தகைய தொண்டு நிகழ்ந்துள்ளது. அது சப்பான் நாட்டில் நிகழ்ந்தது. மொரீச்சி யமசாக்கி, யூமி ஊசாக்கா என்னும் அறிஞர் இருவர், ஆயாரங்கம், சூயகடம், உத்தரச்சயணம், தசவேயாலியம், இசிபாசியாயிம் என்னும் தொன்மையான ஐந்து அர்த்தமாகதி நூல்களின் பாட்டடிகளைக் கணினியில் ஏற்றி, அடி முதற்குறிப்பு அகராதியையும் அடி இறுதிக்குறிப்பு அகராதியையும் 1995இல் வெளியிட்டனர். ஓர் அடியின் தொடக்கம் வேறுபட்டாலும் முடிவு ஒன்றாயிருப்பின் இறுதிக்குறிப்பு அதனைக் காட்டிவிடும். இத்தகைய அகராதிகள் பௌத்தரின் பாலி நூல்களுக்கும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால், சமண முனிவரும் பௌத்தத் துறவியரும் பொதுவாக வழங்கிய அடிகள் வெளிப்படுகின்றன. ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் கொண்டனர் என்று அவசரப்படுவதற்கு மாறாக, கங்கைச் சமவெளித் துறவியர் அனைவருக்கும் பொதுவாயிருந்த ஒரு பாட்டு வழக்கிலிருந்து இருவரும் எடுத்தாண்டிருக்கலாம் என எண்ண இடம் கிடைக்கிறது. வாதத்துக்கு ஒரு புதிய சான்று கிடைக்கும்போது பழம்பகை சற்றே தணிவதும் உண்டு.

எழுத்து ஏறாவிடின் நூல் ஏறாது

தமிழ் நாட்டுக்கு வருவோர், கணினியை அணுகுமுன் எழுத்தைப் பற்றிச் சிந்தித்தாக வேண்டும். தமிழ்ச் சமணரின் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையில் அமைந்தது. அதன் ஏடுகளில் தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் விரவி வருகின்றன. உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடில் தமிழ் எழுத்து 1991 முதலே உண்டு. கிரந்தம் 2014இல்தான் இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அத்தகைய ஏட்டைத் தட்டெழுதியவர்கள், எது தமிழ், எது கிரந்தம் என்னும் வேறுபாட்டைக் கைவிட நேர்ந்தது. ஏடெழுதியவர் எந்தச் சொல்லை வடசொல்லாகக் கருதினார், எதனைத் தமிழாகவே கொண்டார் என்று அறிவிக்கும் சான்று அவ்வேறுபாடேயாகும்.

குகைத்தளங்களில் உள்ள தமிழ்ப் பிராமிக்கும் இதே நிலை. பிராமி எழுத்து யூனிகோடில் 2010இல் ஏறியது. பழந்தமிழுக்கே உரிய எகர ஒகரக் குறில்களும் புள்ளியும் 2021இல்தான் தனிக் குறியீடு பெற்றன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைத்தளத்தை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அங்குள்ள எழுத்துகள் தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாள் உழைப்பாகத் தொகுத்த பெருநூல் 2003இல் வெளிவந்தது. அவ்வெழுத்துகள் கணினியில் முழுமையாக ஏற மேலும் 18 ஆண்டுகள் பிடித்தன.

ஓலையைப் படிக்க இயந்திரத்தைப் பழக்கும் முயற்சிகளும் இப்போது நடைபெறுகின்றன. கற்றோர் சில நூறு ஏட்டுப் பக்கங்களைப் படித்து வரிக்கு வரி எழுதிக் கொடுப்பர். இயந்திரம் அவற்றைக் கொண்டு எழுத்தின் வடிவைக் கற்றுக்கொண்டு, அடுத்த பக்கங்களைத் தானே படிக்கும். ஆனால் தமிழ் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இரா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் வடிவை மட்டும் நம்பி எந்த இயந்திரமும் ஏட்டைப் படித்துவிட முடியாது. அங்கே அது வேறொரு துணையை நாடுகிறது: எந்தச் சொல் மிகுதியாக வழங்குகிறதோ அதனை ஊகித்து இட்டு நிரப்புகிறது. இடர் தொடங்கும் இடம் இதுவே.

ஓர் எழுத்தில் மறையும் ஆசிரியைகள்

தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில் பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பெரும்பாலானவை மிகச் சிறியவை: இன்ன ஊரினராகிய, இன்னாருடைய மாணாக்கராகிய இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றில் பல இடங்களில் ‘குரத்தி’, ‘குரத்திகள்’ என்னும் சொற்கள் வருகின்றன. குரவர் என்பதற்குப் பெண்பால் அது. ஆசிரியை என்பது பொருள். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், குணந்தாங்கிக் குரத்திகள் என்பார் பகவதிக்குப் பொன்னணிகள் அளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. வந்தவாசி வட்டாரத்து வெடால் ஊரில் உள்ள ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவரைச் சார்ந்த 500 மாணாக்கரையும் பேசுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் பெண்டிர் சமய ஆசிரியராய் விளங்கி, மாணாக்கர் திரளை வழிநடத்தினர் என்பதற்கு இக்கற்களே வாய்திறந்த சாட்சிகள்.

இப்போது ‘குரத்தி’ என்னும் இச்சொல் ஒரு கணினியின் முன் வருகிறது என்று கொள்க. இன்றைய தமிழில் அச்சொல் வழக்கில் இல்லை. ‘குறத்தி’ என்னும் சொல் வழக்கில் உண்டு. எழுத்துப்பிழை திருத்தும் கருவி, தான் அறியாத சொல்லைப் பிழையென்று கருதி, அறிந்த சொல்லாக மாற்றிவிடக்கூடும். ரகரம் றகரமாகும் அந்த ஒரு நொடியில், ஆசிரியை மறைந்து மலைவாழ் குறமகள் அவ்விடத்தில் தோன்றுகிறாள். பின்னர் அத்தொகுப்பில் குரத்தியரைத் தேடுபவருக்கு ஒருவரும் அகப்படமாட்டார். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அழிக்காத பெயரை ஒரு திருத்தக் கருவி அழித்துவிடும். அழித்ததற்குச் சுவடும் இராது.

ஏட்டுப் பதிப்பாசிரியர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி ஒன்றுண்டு: இரு பாடங்கள் காணப்படின், எளிய பாடத்தைவிட அரிய பாடமே மூலமாக இருக்க வாய்ப்பு மிகுதி. படியெடுப்போர் அரிய சொல்லை எளிய சொல்லாக மாற்றுவரேயன்றி எளியதை அரியதாக மாற்றார். இயந்திரமோ இவ்விதிக்கு நேர்மாறாக, மிகுதியாக வருவதையே தேர்கிறது. ஆதலால் இயந்திரம் படித்ததை, அத்துறை அறிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்பது பெரும்பிழை. மூல ஒளிப்படம், உள்ளவாறு பெயர்த்தெழுதிய வடிவம், திருத்திய வடிவம் ஆகிய மூன்றும் தனித்தனியே காக்கப்பட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றை எழுதி முந்தியதை அழித்தல் கூடாது.

எண்ணிக்கை காட்டுவதும் மறைப்பதும்

முறையாகப் பெயர்த்தெழுதப்பட்டால் கல்வெட்டுகள் தரும் பயன் பெரிது. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லெசுலி ஆர் என்னும் பேராசிரியர், சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் பெண்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி, காலமும் இடமும் செயலும் வகைப்படுத்தி ஆராய்ந்தார். கோயிற் பெண்டிரைப் பற்றிய அவர் நூல் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. சமணத் துறவுப் பெண்டிரைப் பற்றியும் அவர் தனியே எழுதியுள்ளார். நூல்களில் விதிக்கப்பட்டதை மட்டும் கொண்டு பெண்களின் நிலையை முடிவு செய்யாமல், அவர்கள் உண்மையில் செய்ததைக் கற்களில் ஒவ்வொன்றாகக் கண்டு பட்டியலிடுதல் எவ்வளவு வேறான ஓவியத்தைத் தரும் என்பதற்கு அவ்வாய்வு நல்ல சான்று.

கழுகுமலைக் கல்வெட்டுகளில் கோட்டாறு, திருச்சாரணம் முதலிய ஊர்கள் குறிக்கப்படுகின்றன. திருச்சாரணம் என்பது இன்றைய சிதறால் மலை. இவ்வூர்களை நிலப்படத்தில் புள்ளியிட்டு, ஆசிரியரையும் மாணாக்கரையும் கோட்டினால் இணைத்தால், தனித்தனிப் பாறைகளாகத் தோன்றியவை ஒரே வலையின் முடிச்சுகளாகின்றன. எந்த மலையிலிருந்து எந்த மலைக்குத் துறவியர் நடந்தனர், எந்த ஆசிரியர் பெயர் பல இடங்களில் வருகிறது என்பவை கண்ணுக்குத் தெரிகின்றன. இத்தகைய ஆய்வுக்கு அடிப்படையாக, ஏகாம்பரநாதனும் சிவப்பிரகாசமும் தமிழகச் சமணக் கல்வெட்டுகளை ஊர்வாரியாகப் பட்டியலிட்ட நூல் 1987இலேயே வெளிவந்துள்ளது. அச்சுப் பட்டியல் கணினிப் பட்டியலாக மாறும்போது, ஊர்வாரியாக அமைந்ததை நொடியில் காலவாரியாகவோ ஆள்வாரியாகவோ மாற்றிக் காணலாம்.

ஆயினும் வகைப்படுத்தலில் கவனம் வேண்டும். ‘பள்ளி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. சமண முனிவர் உறைவிடம் பள்ளி. பௌத்த விகாரமும் பள்ளி. பள்ளிச்சந்தம் என்பது பள்ளிக்கு விடப்பட்ட நிலம். பள்ளிப்படை என்பதோ மறைந்த மன்னர் நினைவாக எழுந்த கோயில். பள்ளியறை வேறு, ஊர்ப்பெயரின் ஈற்றில் வரும் பள்ளி வேறு. பள்ளி என்று தேடுபவருக்கு இவையனைத்தும் ஒருசேர வந்து விழும். பள்ளிச்சந்தம் என்பதெல்லாம் சமணர்க்கு உரியது என்று கணினிக்குக் கட்டளையிட்டால், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் விட்ட ஆனைமங்கலமும் சமணப் பட்டியலில் சேர்ந்துவிடும். அது பௌத்தப் பள்ளி. பிறருடைய பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது ஆய்வும் ஆகாது. அசௌரியம் என்னும் கள்ளாமை விரதத்துக்கும் ஒவ்வாது.

குகைத்தளங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. புகலூர்க் கல்வெட்டில் ‘அமணன்’ என்னும் சொல் வெளிப்படையாக வருகிறது, ஐயத்துக்கு இடமில்லை. வேறு பல தளங்களில் கொடையாளர் பெயரும் படுக்கையும் மட்டுமே உண்டு. சமயத்தைச் சூழ்நிலையைக் கொண்டே துணிய வேண்டியுள்ளது. இவ்விரண்டையும் ஒரே நிறப் புள்ளியாக நிலப்படத்தில் இடுதல் முறையன்று. நல்லவேளையாக, நூல்களையும் கல்வெட்டுகளையும் குறியீடு செய்ய அறிஞருலகம் ஏற்றுள்ள முறையில், ஒவ்வொரு கருத்தின் பக்கத்திலும் அதன் உறுதியின் அளவைக் குறிக்க இடம் உண்டு. அழிந்துபோன எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுதல் 1931 முதல் நிலைபெற்ற வழக்கம். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையோடு 2019இல் தொடங்கிய தர்மா என்னும் திட்டம், தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளிட்ட பலமொழிக் கல்வெட்டுகளை இம்முறையில் பதிவு செய்து வந்துள்ளது. ‘ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை’ என்று சொல்லப் பழகிய சியாத்வாத மரபினருக்கு, ஐயத்தையும் பதிவு செய்யும் கருவி அயலானது அன்று.

எண்ணிக்கைக்கு மற்றுமோர் எல்லையும் உண்டு. கல்லில் பெயர் பொறிக்க இயன்றவரே கல்லில் உள்ளனர். திருமேனி செய்விக்கப் பொருளில்லாத சாவகரும், ஊர் ஊராய் நடந்து ஓரிடத்தும் பெயர் பொறியாத துறவியரும் எந்தப் பட்டியலிலும் வாரார். கணக்கில் வராதவர் இல்லாதவர் ஆகார். ஒரு கருவி ஒரு நயம். அந்த நயத்தையே முழு உண்மை எனக் கொள்வது ஏகாந்த வாதம்.

பகைவர் காத்த நூல்

ஒரு நூலின் அடிகள் மற்றொரு நூலில் எடுத்தாளப்பட்டிருப்பதைக் கண்டறியும் கருவிகளும் இன்று உண்டு. தமிழ் இலக்கிய வரலாற்றில் இதன் அருமையை உணர்த்த நீலகேசி ஒன்றே போதும். பௌத்த காப்பியமாகிய குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் அது. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால் நீலகேசிக்கு வாமன முனிவர் வரைந்த சமயதிவாகரம் என்னும் உரையில், மறுக்கப்படும் நூலின் பகுதிகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவ்வுரையோடு நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். மறுப்பதற்காகவேனும் எதிரியின் சொல்லை உள்ளவாறு எடுத்துரைத்த நேர்மையால், அழிந்த ஒரு பௌத்த நூலின் எச்சத்தைச் சமண ஆசிரியர் காத்துத் தந்தார். வளையாபதியும் அவ்வாறே தொகைநூல்களிலும் உரைகளிலும் சிதறிய பாடல்களாகவே எஞ்சியுள்ளது. இன்னும் பதிப்பிக்கப்படாத உரைகளும் தனிப்பாடல் திரட்டுகளும் கணினியில் ஏறினால், அறிஞர் கண்ணுக்குத் தப்பிய மேற்கோள்களை இக்கருவிகள் எடுத்துக்காட்டக்கூடும். ஏடு ஏறாதவரை எந்தக் கருவியும் பயனற்றது.

அகராதி அறியாததை அறிந்தவர்கள்

கருவிகள் பெருகினாலும் ஆள் இன்றியமையாதவர் என்பதற்கு, 1880இல் கும்பகோணத்தில் தொடங்கிய வரலாறு சான்று. சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார். தமிழில் ஆழ்ந்த புலமை அவருக்கு இருந்தது. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. எனினும் சமணச் சமயக் குறியீடுகள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களில் சிந்தாமணி பக்தியோடு ஓதப்படும் நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தனர். சைவ மரபில் வந்த புலவர் சமணர் இல்லத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக் கற்றார். 1887இல் சிந்தாமணி பதிப்பு வெளிவந்தது. ஏட்டில் இருந்ததை எழுத்தறிவு காட்டிற்று. அதன் உட்பொருளை வாழும் மரபு காட்டிற்று.

அம்மரபினர் இன்றும் உளர். பாராயண முறை, விரதங்களின் பெயர்கள், பூசைச் சொற்கள், சமையலறையிலும் நோன்பிலும் வழங்கும் தனிச் சொற்கள் ஆகியவை முதியோர் நாவில் இருக்கின்றன. அவை எந்த ஏட்டிலும் இல்லை. சமய ஆய்வுக்கு அவர்கள் குரலைப் பதிவு செய்தல், ஓலையைப் படமெடுப்பதற்குச் சற்றும் குறைந்த பணியன்று.

திறப்பதா, மூடுவதா?

இனி, எல்லோர் மனத்திலும் இருக்கும் வினா. புனித ஏட்டை உலகமெல்லாம் காணத் திறந்துவிடலாமா? மூடுபிதிரி வரலாறு இதற்கு விடை காண உதவும். தவளை முதலிய பேருரைகளின் பழைய ஓலைப் படிகள் கன்னட நாட்டு மூடுபிதிரியில் மட்டுமே இருந்தன. அவை தரிசனத்துக்கு உரியனவாயிருந்தன, படிப்பதற்குக் கிட்டவில்லை. ஏடுகள் சிதைவது கண்டு படியெடுக்க இசைவு கிடைத்தபோதும், படி வெளியே செல்ல இசைவில்லை. படியெடுத்த கஜபதி உபாத்தியாயர், மனைவி இலட்சுமிபாயின் துணையோடு மறைவாக மற்றொரு படியும் எழுதி வடநாட்டுக்குக் கொண்டு சென்றார். அதன்வழி வந்த படிகளைக் கொண்டே ஹீராலால் ஜெயின் 1939 முதல் தவளையை அச்சிடத் தொடங்கினார். 1958இல் 16 தொகுதிகளாக அது நிறைவுற்றது. பின்னர் மூலப் பிரதிகளோடு ஒப்பிடவும் வழி பிறந்தது.

இவ்வரலாற்றை இரு பக்கமும் நோக்க வேண்டும். காவலர்கள் தீயவர் அல்லர். அவர்கள் காத்திராவிடின் படியெடுக்க ஏடே இருந்திராது. மறைவாக எழுதியவரும் பொருளாசையால் மட்டும் எழுதினார் என்று தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. அவர் எழுதியிராவிடின் நூல் இன்னும் பல்லாண்டு உறங்கியிருக்கும். பிழை எங்கே என்றால், காப்போரும் கற்போரும் அமர்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வர வழியின்றிப் போனதே பிழை. இன்று அவ்வழி உண்டு. ஏடு உரியவர் இல்லத்திலேயே இருக்கலாம்; படம் மட்டும் எடுக்கப்படலாம். எந்தப் படம் எல்லோர்க்கும், எது ஆய்வாளர்க்கு மட்டும், எது எவர்க்கும் இல்லை என்று உரியவரே எழுத்தில் வரையறுக்கலாம். படமெடுக்க வருவோரிடம், படத்தின் ஒரு முழுப்படி உரியவரிடம் இருக்கும் என்னும் உறுதியைக் கேட்டுப் பெறலாம்.

எனினும் முற்றும் மூடிவைத்தல் ஜைன மரபின் இயல்பன்று. உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. 10ஆம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னகவி இயற்றிய சாந்திபுராணம் அழியாதிருக்க 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார். ஒவ்வொரு படியும் ஓர் எழுத்தாளரின் பல நாள் உழைப்பு. இன்று அத்தனை படிகளை ஆக்க ஒரு நிமிடம் போதும்.

செய்யத்தக்கவை

பெரிய நிறுவனங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏடு உள்ள ஒவ்வொரு இல்லமும் சில பணிகளை இன்றே தொடங்கலாம். நூற்பெயர், ஓலைகளின் எண்ணிக்கை, முதல் வரி, கடைசி வரி, எழுதியவர் குறிப்பு இருப்பின் அதுவும் சேர்த்து, ஒரு பக்கத்தில் குறித்து வைக்கலாம். எழுதியவர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் ஈற்றில் குறித்திருப்பர்; வரலாற்றாசிரியர்க்கு அதுவே பொன். படமெடுக்கும்போது ஓர் அளவுகோலை அருகில் வைத்து, இருபுறமும், வரிசை மாறாமல், வெறும் ஓலையையும் விடாமல் எடுக்க வேண்டும். ஓலை ஒட்டியிருந்தால் வலிந்து பிரித்தல் ஆகாது. சுவடிக் காப்பு அறிந்தவரை நாட வேண்டும். படங்கள் கைபேசியில் மட்டும் இருப்பது ஓலை மழையில் இருப்பதற்குச் சமம். மூன்று இடங்களில் மூன்று படிகள் வேண்டும்.

மலைத்தளங்களுக்குச் செல்வோர், எழுத்து நன்றாய்த் தெரியும் என்று கருதிச் சுண்ணமோ வண்ணமோ பூசலாகாது. பூசிய வண்ணம் பின்னர் வரும் படிப்பைத் தவறாக்கும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழும் காலையிலோ மாலையிலோ பல கோணங்களில் படம் எடுத்தால், அவற்றை இணைத்து முப்பரிமாண வடிவம் சமைக்கும் கருவிகள் இன்று உண்டு. கல்லுடைப்பால் ஒரு பாறை அழியினும் அவ்வடிவம் சான்றாக எஞ்சும். ஆனால் வடிவம் எஞ்சுவதைக் காரணமாக்கிப் பாறையைக் கைவிடுதல் தகாது. படம் பாறைக்கு ஈடாகாது.

கணினி கற்ற இளைஞர்கள் இச்சமுதாயத்தில் பலர் உளர். முதியோர் சிலருக்கு ஏடு படிக்கத் தெரியும். முன்னவர்க்குப் பழைய எழுத்து தெரியாது. பின்னவர்க்குப் புதிய கருவி தெரியாது. இருவரும் வாரத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் அமர்ந்தால், முதியவர் வாசிக்க இளையவர் பதிவு செய்ய, ஓர் ஆண்டில் ஒரு சுவடி முழுமையாகக் கரையேறும். 1998இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் இத்தகைய உழைப்பினாலேயே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. சமணப் புலவர் இயற்றிய நூல்களும் அதில் உள்ளன.

தரசேனர் இரு மாணாக்கரை அழைத்தார், இருவர் போதுமானவராயினர். கழுகுமலைப் பாறையில் தம் ஆசிரியையின் பெயரைச் செதுக்குவித்த மாணாக்கியர், அப்பெயர் ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கப்படும் என்று நம்பியே செதுக்குவித்தனர். அந்த நம்பிக்கையை நிறைவேற்றும் கடமை இத்தலைமுறைக்கு வந்துள்ளது. இன்று துடைத்துப் பொதிந்த ஏடுகள் பேழைக்குத் திரும்புமுன், அவற்றின் முதல் ஓலையேனும் ஒரு முறை படிக்கப்படுவதாக. ‘குரத்தி’ என்று இருப்பின் ‘குரத்தி’ என்றே எழுதப்படுவதாக.

சுருதம் வாழ்க! அருகன் அறம் வளர்க!